சுதந்திரம் வந்தபோது வயது என்ன?

நம் கிராமத்து முதியவர்களிடம் வயது கேட்டால், பிறந்த ஆண்டைக் கூறுவோர் சிலரே. “சுதந்திரம் வந்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும்” என்பது போன்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். பிற ஊர்களில் இவ்விடை போதும், 1947இலிருந்து கணக்கிட்டுவிடலாம். வில்லியனூரிலும் பாகூரிலும் அது போதாது. இங்கே சுதந்திரம் என்ற சொல் மூன்று ஆண்டுகளுள் எதனையும் குறிக்கக்கூடும்.

1926ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாகூரில் உழவர் குடும்பமொன்றில் ஒரு பெண்மணி பிறந்ததாகக் கொள்வோம். அவர் பிறந்தது பிரெஞ்சு ஆட்சியில். அவருக்குப் பத்து வயதானபோது, 1936 ஜூலை 30 அன்று, புதுவை ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து 12 பேர் உயிர் துறந்தனர். அப்போராட்டத்தின் பயனாக எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று.

1947 ஆகஸ்டு 15 அன்று அவருக்கு வயது 21. அருகிலுள்ள கடலூரில் இந்தியக் கொடி ஏறிற்று. பாகூரிலோ பிரெஞ்சுக் கொடியே பறந்தது.

1954 அக்டோபர் 18 அன்று, அவருடைய 28ஆம் வயதில், வில்லியனூரை அடுத்த கீழூரில் வாக்கெடுப்பு நடைபெற்றது. பொதுமக்கள் நேரே வாக்களிக்கவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்திய அரசின் கைக்கு வந்தது.

எனினும் சட்டப்படியான மாற்றம் அன்று முற்றுப்பெறவில்லை. 1956 மே 28 அன்று கையெழுத்தான உடன்படிக்கை, 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 36. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியோர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டியிருந்தது. அறிவிக்காதோர் இந்தியக் குடிமக்களாயினர். ஊரையும் நிலத்தையும் விட்டு நகராத ஒருவர் வாழ்வில் நாடு மாறிய விதம் இது. பாண்டிச்சேரி என்ற அரசாங்கப் பெயர் 2006இல் புதுச்சேரி என மாறியபோது அவருக்கு வயது 80.

இனி, முதியவரின் விடைக்கு வருவோம். அவர் கூறும் சுதந்திரம் 1947 ஆயின், பிறந்தது 1937. 1954 ஆயின் 1944. 1962 ஆயின் 1952. ஒரே சொல்லால் பதினைந்து ஆண்டு வேறுபாடு நேர்கிறது. முதியோர் உதவித்தொகைக்கும் சங்கப் பதிவேட்டுக்கும் இது சிறு பிழையன்று.

ஆகவே அங்கத்தினர்கள் வயதை எழுதும்போது, “எந்தச் சுதந்திரம்?” என்று கேட்டல் வேண்டும். கீழூர் வாக்கெடுப்பு நினைவில் உள்ளதா, கடலூர் செல்லும் வழியில் பிரெஞ்சு எல்லைச் சுங்கச் சாவடியைக் கடந்ததுண்டா என்று மேலும் இரண்டொன்று வினவுக. பிரெஞ்சுக் காலப் பிறப்புப் பதிவு கிடைக்குமாயின் அதுவே சிறந்த சான்று. கீழூர் வாக்கெடுப்பின்போது பத்து வயதாயிருந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். கேட்டு எழுதும் பணியைத் தள்ளிப்போடலாகாது.