டெஸ்ட் கிட்டில் வரும் சிவப்புக் கோடு தங்கமாம்!

போன மாதக் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு உறுப்பினர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், கிட்டுல ஒத்தைக் கோடுதான் வந்துச்சு. அதை நம்பி சும்மா இருந்துட்டேன். இப்ப ஸ்கேன்ல நாலு மாசம்ங்கிறாங்க. கிட்டு பொய் சொல்லுமா?"

விசாரித்தோம். தீட்டு தள்ளிப் போவதற்கு முன்பே அவசரப்பட்டுப் பார்த்திருக்கிறார். அப்புறம் மறுபடி பார்க்கவே இல்லை.

கரு கருப்பையில் ஒட்டிய பிறகுதான் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஊற ஆரம்பிக்கும். முதல் வாரங்களில் இரண்டு, மூன்று நாளில் அது இரட்டிப்பாகும். சிறுநீரிலும் வரும். அதைப் பிடித்துக் காட்டுவது தங்கம். சிரிக்காதீங்க, நாம் அடகு வைக்கிற அதே தங்கம்தான்! ஆனால் பொடியிலும் பொடி. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். கிட்டில் உள்ள துகள் சுமார் 20 முதல் 40 நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரத்துக்கு மேல் அடுக்கலாம்.

இவ்வளவு சிறிசானதும் தங்கம் மஞ்சளாக இருக்காது. வெளிச்சத்தில் உள்ள பச்சையை அது விழுங்கிவிடும், நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும். லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1857லேயே இந்தச் சிவப்புத் தங்க நீரைப் பற்றி எழுதியிருக்கிறார்.

கிட்டுக்குள் இந்தத் துகள்கள் மேல் எதிர்ப்பொருள் என்ற புரதம் பூசியிருக்கும். ஜாக்கெட் கொக்கி மாதிரி அது எச்.சி.ஜி.யை மாட்டிக்கொள்ளும். 'டி' என்ற இடத்தில் இன்னொரு கொக்கி காத்திருக்கும். சிறுநீர் ஊறி ஓடும்போது ஹார்மோனைப் பிடித்த தங்கம் அங்கே சிக்கிக் குவியும், அதுதான் கோடு. ஹார்மோன் போதாவிட்டால் தங்கம் நிற்காமல் தாண்டிப் போய்விடும். 'சி' கோட்டில் உள்ள கொக்கியோ தங்கத் துகளையே நேராகப் பிடிக்கும். அதனால் ஹார்மோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'சி' வர வேண்டும். வரலைன்னா கிட்டு கெட்டுப்போச்சு, தூக்கிப் போடுங்க. கொரோனா சமயத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த பல கிட்டுகளிலும் இதே தங்க வேலைதான்.

ஆகவே தீட்டு தள்ளிய பிறகு, காலையில் போகும் முதல் சிறுநீரில் பாருங்கள். அட்டையில் போட்டிருக்கும் நிமிடத்துக்குள் படியுங்கள். மணிக்கணக்கில் கழித்துப் பார்த்தால் காய்ந்த தடம்கூடக் கோடு மாதிரித் தெரியும். ஒத்தைக் கோடு வந்தும் தீட்டு வரவில்லையா? சில நாள் விட்டு மறுபடி பாருங்கள், நர்ஸம்மாவிடமும் சொல்லுங்கள். 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்வது நல்லது.

இன்னொன்று. ஹார்மோன் இருக்கா என்பது மட்டும்தான் தங்கத்துக்குத் தெரியும், கரு எங்கே இருக்குன்னு தெரியாது. கருக்குழாயில் தங்கியிருந்தாலும் இரண்டு கோடு வரும். இரண்டு கோடு வந்து, அடிவயிற்றில் கடும் வலியோ ரத்தப்போக்கோ மயக்கமோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108க்குப் போன் போடுங்கள்.