வாழைத்தாருக்குக் கீழே ரோஜா வாளி

மளிகைக் கடை வாசலிலும் இப்போது ஓசூர் ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன் எல்லாம் வாளியில் நிற்கின்றன. நல்ல வரும்படிதான். ஆனால், "நேற்று வாங்கியது இன்றே தலை தொங்கிவிட்டதே!" என்று வாடிக்கையாளர் முகம் சுளித்தால், பூவோடு போகாது, அந்த வீட்டின் மாதச் சாமான் சீட்டும் அடுத்த கடைக்குப் போய்விடும்.

நாங்கள் வாழைத்தார் மண்டி நடத்துபவர்கள். தாரில் இரண்டு காய் பழுத்தால் மற்றவையும் மளமளவென்று பழுப்பதைத் தினமும் பார்க்கிறோம். பழம் விடும் எத்திலீன் என்ற வாயுதான் காரணம். அதே வாயு பூவையும் சீக்கிரம் மூப்படையச் செய்யும். கார்னேஷனுக்கு இது பரம விரோதி. இதழ்கள் உட்புறமாகச் சுருண்டு தூங்கி விழும். பல கடைகளில் தார் தொங்கும் கொக்கிக்கு நேர் கீழேதான் பூ வாளி! தயவுசெய்து அதைக் காற்றோட்டமாக வேறு பக்கம் மாற்றுங்கள். வீட்டிலும் பழத்தட்டுக்குப் பக்கத்தில் பூச்சாடி வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

அடுத்தது காம்பு. நீர் ஏறும் நுண்குழாயில் காற்று புகுந்தாலும், கிருமி அடைத்தாலும் பூ வாடும். வீட்டுக்குப் போனதும் காம்பை நீருக்குள் வைத்தபடியே, கூரான கத்தியால் 1 அங்குலம் சாய்வாக நறுக்க வேண்டும். மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கிவிடும். நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாளாவது தண்ணீரை மாற்ற வேண்டும். ஜெர்பராவுக்கு மட்டும் 2 அங்குல நீர் போதும். அதிகமானால் காம்பு அழுகும்.

சர்க்கரை போடலாமா என்று கேட்பார்கள். பூவுக்கு அது ஆகாரம், கிருமிக்கும் அதுவே ஆகாரம். ஆகவே 1 லிட்டர் நீருக்கு 1 தேக்கரண்டி சர்க்கரை போட்டால், 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும், துணி வெளுக்கும் ப்ளீச் திரவம் சில சொட்டும் சேர வேண்டும். சாற்றையும் ப்ளீச்சையும் நேரடியாகக் கலக்கவே கூடாது. தண்ணீரில் தனித்தனியே விட வேண்டும். சிலர் காசு போடுகிறார்கள். இன்றைய ஒரு ரூபாய் நாணயம் துருப்பிடிக்காத எஃகு. அதனால் பூவுக்கு ஒரு லாபமும் இல்லை!

இன்னொன்று. மிஞ்சிய ரோஜாவைப் புதுச் சரக்கோடு கலக்காமல், தனி வாளியில் விலை குறைத்துத் தள்ளிவிடுங்கள். காலி வாளியை இரவே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள்.