45 எழுத்து, 19 அசை

ஆங்கிலத்தில் நிமோனியாவின் முதலெழுத்து ‘பி’. எழுதுகிறார்கள், யாரும் உச்சரிப்பதில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற ‘ஸ்லீப் ஆப்னியா’விலும் அதே கிரேக்கச் சொற்குடும்பம்தான். அங்கே மட்டும் ‘ப்’ நன்றாகக் கேட்கிறது. ஏன்?

ஆங்கிலத்தில் எந்த அசையும் ‘ப்ந’ என்று தொடங்காது. ஆப்னியாவில் ‘ப்’ முந்தைய உயிரோடு ஒட்டிக்கொண்டு ‘ஆப்’ என்று ஓர் அசையை முடித்துவைக்கிறது. நிமோனியாவில் ஒட்டிக்கொள்ள முன்னால் எதுவும் இல்லை, உதிர்ந்துவிடுகிறது. சொரியாசிஸின் ‘பி’க்கு நேர்ந்ததும் இதுதான். நம் பழைய வழக்கம் வேறு: ரகரம் மொழிமுதலில் வராது என்பதால் முன்னால் ஓர் இகரம் சேர்த்து ‘இராமன்’ என்று எழுதினோம்.

இதே உச்சரிக்காத ‘பி’யில் தொடங்கும் ஒரு நீளச் சொல்: நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோப்பிக்சிலிக்கோவல்கேனோகோனியோசிஸ். ஆங்கிலத்தில் 45 எழுத்து. எரிமலைப் பாறையின் மிக நுண்ணிய சிலிக்கா தூசியை மூச்சில் இழுப்பதால் வரும் நுரையீரல் நோயாம். ‘நோயாம்’ என்பதைக் கவனியுங்கள். 1935-ல் அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், ஆங்கிலத்தின் மிக நீளமான சொல்லாக இருக்கட்டும் என்றே கட்டிய சொல் இது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ஏறிவிட்டது!

விளையாட்டுச் சொல்லானாலும் உறுப்புகள் உண்மையானவை. நியூமோனோ என்றால் நுரையீரல், கோனிஸ் தூசி, ஓசிஸ் நோய்நிலை. ஆனால் பொருள் வெட்டுகிற இடமும் வாய் வெட்டுகிற இடமும் எப்போதும் ஒன்றல்ல. நடுவில் இருக்கும் ‘ஸ்கோப்பிக்’கை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளால் அது ‘ஸ்கோப்’, ‘இக்’. சொல்லும்போது ‘ப்’ இடம் மாறி ‘ஸ்கோ-பிக்’ ஆகிறது. ‘பால் இல்லை’ என்பதை வேகமாகச் சொல்லும்போது ‘பா-லில்-லை’ என்று லகரம் தாவுகிறதே, அதே புணர்ச்சி.

முன்னிருந்து படித்தால் பாதியில் மூச்சு முட்டும். மொழி ஆசிரியர்கள் சிலர் சொல்லித்தரும் உத்தி, வாலிலிருந்து தொடங்குவது: சிஸ், ஓ-சிஸ், நி-ஓ-சிஸ், கோ-நி-ஓ-சிஸ். இப்படி ஒவ்வோர் அசையாக முன்னால் கோத்துக்கொண்டே போனால் 19 அசையும் வந்து சேரும். எப்போதும் பழகிய பகுதியை நோக்கியே நாக்கு ஓடுவதால் தடுமாற்றம் குறைகிறது. சொல்லின் முதன்மை அழுத்தமும் வாலில்தான், அந்த ‘ஓ’வில். நாம் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுத்துப் பழகியவர்கள். ஆங்கிலக் காதுக்கோ அந்த ஒரு ‘ஓ’ ஓங்கி ஒலித்தாக வேண்டும்.

இந்த நீளச் சொல் குறிக்கும் நோயை மருத்துவர்கள் சிலிகோசிஸ் என்று நான்கே அசையில் முடித்துவிடுகிறார்கள். கல்குவாரித் தொழிலாளர்களுக்கு வருவதும் அதுதான். அழுத்தம் அங்கும் ‘கோ’வில். ஃபைப்ரோசிஸ், சிரோசிஸ், த்ராம்போசிஸ், டியூபர்குலோசிஸ் எல்லாமே இந்த வழிதான். மெட்டமார்ஃபோசிஸ் மட்டும் பலர் வாயில் ‘மார்’ மீது அழுத்தம் வாங்கி அடம்பிடிக்கும். நல்லவேளை, அது நோய் அல்ல.