மரத்தை வெட்டி விடாதீர்கள்!

நீலகிரியில் வீடு வாங்குகிறவருக்குத் தோட்டத்தோடு ஒரு பெர்ஸிமன் மரமும் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் தக்காளி போல் சிவந்து தொங்கும் அந்தப் பழத்தை ஆசையோடு பறித்துக் கடித்தால், வாழைப்பூவைப் பச்சையாய் மென்றவர் கதிதான். நாக்கும் அண்ணமும் ஒட்டிக் கொள்ளும். "இதற்கா இவ்வளவு இடம்?" என்று எஜமானர் கோடரியைத் தேடுவார்! குற்றம் மரத்தினுடையதல்ல, பழம் இன்னும் கனியவில்லை, அவ்வளவுதான்.

ஜப்பானியர் இதைக் 'காக்கி' என்பர். போலீஸ்காரர் சட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நமது கருங்காலியும், பீடி சுற்றும் இலை தரும் மரமும் இதற்கு நெருங்கிய பந்துக்கள்.

இதில் இரு ஜாதிகளை அறிந்தால் போதும். 'ஹச்சியா' கூம்பு வடிவம். கூழாகக் குழையும் வரை துவர்க்கும். 'ஃபூயூ' தட்டையானது, கெட்டியாக இருக்கையிலேயே நறுக்கித் தின்னலாம். புதிதாக நடுகிறவர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால், ஃபூயூவையே கேட்டு வாங்குவது நலம்.

சென்னைவாசிகள் மன்னிக்க வேண்டும். இலையுதிர்த்து உறங்க இம்மரத்திற்குக் குளிர்காலம் தேவை. சமவெளிக்குச் சப்போட்டாவே போதும். குன்னூர் அரசாங்கப் பழப் பண்ணையில் இது நன்றாக வளருகிறது. ஹிமாசலப் பிரதேசத்தில் 'ஜாபானி ஃபல்' என்ற பெயரில் சந்தைக்கு வருகிறது.

ஒட்டுக் கன்றை இலையற்ற காலத்தில், வெயில் படும், நீர் தேங்காத இடத்தில் நடுங்கள். மற்ற மரங்களிலிருந்து 15 முதல் 20 அடி தள்ளி இருக்கட்டும். ஆணிவேர் கறுத்து, செத்தது போல் தோன்றும். பயப்பட வேண்டாம், ஆனால் காய விடக் கூடாது. உரத்தை அள்ளிக் கொட்டினால் இலை செழித்துப் பிஞ்சு உதிரும். சென்ற வருஷத்துக் கிளைகளின் நுனியருகே எழும் புதுத் தளிரில்தான் காய் பிடிக்கும். ஆகையால் நுனிகளையெல்லாம் கத்தரிப்பது அவ்வருஷத்து விளைச்சலையே கத்தரிப்பதாகும். மூன்று முதல் ஐந்து வருஷத்தில் காய்க்கும். கிளை எளிதில் முறிவதால் பாரம் மிகுந்தால் முட்டுக் கொடுங்கள்.

பழத்தை இழுக்காமல், காம்போடு கத்தரியுங்கள். துவர்க்கும் ஜாதியை வாழைப்பழத்தோடு ஒரு பாத்திரத்தில் மூடி வைத்தால், அதிலிருந்து வரும் எதிலீன் வாயு சீக்கிரம் கனிய வைக்கும். தோல் கண்ணாடி போலாகி, உள்ளே பாகாகத் தளும்பும்போது கரண்டியால் எடுத்து உண்ணலாம். ஜப்பானில் கெட்டிப் பழத்தைத் தோல் சீவி, கயிற்றில் கட்டிச் சில வாரம் காற்றில் உலர்த்துவார்கள். துவர்ப்பு மறைந்து, மேலே சர்க்கரை வெண்மையாய்ப் பூக்கும். மழைநாளில் இதை முயன்றால் பூஞ்சைதான் பூக்கும்!

ஓர் எச்சரிக்கை: துவர்க்கும் பழத்தை வெறும் வயிற்றில் ஏராளமாகத் தின்றால், இரைப்பையில் கல் போல் திரண்டு விடுவதுண்டு. குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் கூடையை வையுங்கள்.