கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தால், "பிளேட் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்று சில ஒர்க்‌ஷாப்களில் உடனே சொல்லிவிடுகிறார்கள். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிக்கு இந்த அவசரம் கூடாது. கோளாறு பிளேட்டிலா, ஆயில் போகும் வழியிலா என்பதைப் பெரும்பாலும் பெடலும் ஆயில் டப்பாவுமே காட்டிக்கொடுத்துவிடும்.

மாருதி 800-இல் பெடலிலிருந்து ஒரு கேபிள் போய்க் கிளட்சை இழுக்கும். இன்னோவா போன்ற வண்டிகளில் அந்த வேலையைச் செய்வது பிரேக் ஆயில். பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது. கியர்பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தை வாங்கி ரிலீஸ் பேரிங்கை நகர்த்துகிறது. மேலே பிஸ்டன் 16 மி.மீ., கீழே 20 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். விசை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். ஆனால் மேலே 30 மி.மீ. தள்ளினால் கீழே நகர்வது 19 மி.மீ.தான். அதிலும் கொஞ்சம் குறைந்தால் கிளட்ச் முழுசாகப் பிரியாது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாய்க்குள் சிறு குமிழி இருந்தாலே மிதித்த தூரத்தில் ஒரு பங்கு அதை அமுக்குவதில் போய்விடும். பல கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோனைசர் கிடையாது. அதனால்தான் சத்தம் முதலில் அங்கே கேட்கிறது.

பெடலை இரண்டு மூன்று தடவை வேகமாக அடித்து மிதித்ததும் கியர் லேசாக விழுகிறதா? அப்படியானால் பிளேட்டை விட்டுவிடுங்கள். ஏர் பிடித்திருக்கிறது, அல்லது ஆயில் கசிகிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் என்ஜின் மட்டும் உறுமி வண்டி வேகமெடுக்கவில்லையென்றால் கதை வேறு. அது பெரும்பாலும் தேய்ந்த பிளேட்.

அடுத்து டப்பா. பிளேட் தேயத் தேய ஸ்லேவ் பிஸ்டன் உள்ளே தள்ளப்படுவதால், கிளட்சுக்கென்று தனி டப்பா உள்ள வண்டியில் ஆயில் மட்டம் சற்று ஏறவே செய்யும். ஆகவே மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது. பெடலுக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டரின் ராடு வரும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். கார்ப்பெட்டின் ஓரத்தையும் தூக்கிப் பாருங்கள். கீழே ஸ்லேவின் ரப்பர் பூட்டை விலக்கினால் உள்ளே ஈரம் தெரியலாம். பிரேக்கும் கிளட்சும் ஒரே டப்பாவைப் பகிரும் வண்டிகளும் உண்டு. அவற்றில் கிளட்சுக்குப் போகும் துவாரத்தைச் சற்று உயரத்தில் வைத்திருப்பார்கள்: கிளட்ச் ஆயில் முழுக்கக் கொட்டினாலும் பிரேக்குக்கு மிச்சமிருக்க வேண்டும் என்பதற்காக. உயிர் காக்கும் ஏற்பாடு இது.

வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனாலும் கியர் மக்கர் செய்கிறது என்றால் இன்னொரு சோதனை உண்டு. சமதரையில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், என்ஜினை ஐடிலில் விட்டு முதல் கியர் போட்டு, கிளட்சை முழுசாக மிதித்தபடி ஒரு நிமிடம் காத்திருங்கள். இன்னொரு கால் பிரேக்கின் மேல் தயாராக இருக்கட்டும். வண்டி மெல்ல ஊர ஆரம்பித்தால், மாஸ்டருக்குள்ளேயே தேய்ந்த வாஷரைத் தாண்டி ஆயில் பின்வாங்குகிறது. சிலிண்டரின் உட்சுவரில் கீறல் இருந்தால் வாஷர் கிட் மட்டும் போட்டுப் பயனில்லை. முழு சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்குள் ரிலீஸ் பேரிங்கோடு ஒன்றாகவே இருக்கும். அது கசிந்தால் கியர்பாக்ஸை இறக்காமல் முடியாது. அப்படி இறக்கும் நாளில் பிளேட்டின் கனத்தையும் அளந்து பார்த்து, மாற்றும் கட்டத்தில் இருந்தால் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதே கூலியை மறுபடி கொடுக்க நேரும்.