எதிரே வரும் சைக்கிள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், பொழுது புலரும் நேரத்தில், முட்டுக்காடு பாலத்தை நெருங்கும்போது எதிர்ச்சாரியில் ஒரு வெள்ளை விளக்கு துடித்துக்கொண்டே வரும். ஹெல்மெட், காற்றுக்குக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய சட்டை. ஆள் யாரென்று தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. கடக்கும் நொடியில் அவர் ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு விரலை மட்டும் உயர்த்துவார். நான் தலையை அசைப்பேன். சிலர் "மார்னிங்" என்பார்கள். அதில் பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். சிலர் நேரே பார்த்தபடி போய்விடுவார்கள்.

இந்தக் கடைசி ரகத்தாரைப் பற்றிச் சைக்கிள்காரர்களிடையே ஒரு தீராத வழக்கு உண்டு. ஒரே சாலை, ஒரே எதிர்காற்று, ஒரு கையசைப்பில் என்ன குறைந்துவிடும் என்பது ஒரு கட்சி. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் குழியைப் பார்ப்பானா, வருகிறவன் முகத்தைப் பார்ப்பானா என்பது மறு கட்சி. எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் நான் சைக்கிள் பழகிய ஊரில் இந்த வழக்குக்கே இடமிருந்திருக்காது.

1970களின் மன்னார்குடியில் சைக்கிளில் வருவது ஓர் அடையாளம் அல்ல. வாத்தியார், தபால்காரர், பால்காரர், வக்கீல் குமாஸ்தா, ஜவுளிக்கடைப் பையன் எல்லோரும் அதில்தான் வந்தார்கள். பெரும்பாலும் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ். வசதியுள்ள வீடுகளில் பழைய ராலே. சொந்த வண்டி இல்லாத எங்களுக்கு வாடகைக் கடை. கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொண்டு, மட்கார்டில் நம்பர் போட்ட வண்டியைத் தருவார். ஒரு மணி நேரத்துக்கு 25 காசு. ஹரித்ராநதியின் நான்கு கரைகளையும் சுற்றிச் சுற்றிக் குரங்குப் பெடல் போட்டுத்தான் பாதி ஊர் சைக்கிள் கற்றது. அங்கே யாரும் சைக்கிளுக்காக வணக்கம் சொன்னதில்லை. ஆளைத் தெரியும், அதனால் சொன்னார்கள்.

சொல்ல நேரமும் இருந்தது. அந்தக் கனத்த வண்டி மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் அதிகம். எதிரெதிரே வரும் இருவர் சேர்ந்து நொடிக்கு ஏழு மீட்டருக்கும் குறைவாகவே நெருங்குவார்கள். "என்ன மாமா, கடைக்கா?" என்று இருபதடிக்கு முன்பே கேட்டுவிடலாம், கடக்கும்போது பதில் வரும், கடந்த பிறகு, "அப்பா ஊர்லதானே இருக்கார்?" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு கேள்வி வந்து சேரும். இன்று இருவரும் முப்பதில் வந்தால் நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல். இரண்டு விரலுக்குத்தான் அதில் இடம். அன்று பக்கத்தில் வருகிறவரோடு பேச்சு இன்னும் எளிது. ஒரே திக்கில் போகிறவர் என்றால் வேகத்தைக் குறைத்து, தோளோடு தோளாக, பெண்ணுக்கு வரன் பார்ப்பது முதல் உரக்கடையில் யூரியா வந்ததுவரை பேசித் தீர்த்துவிட்டு அவரவர் தெருவில் பிரிவார்கள்.

வணக்கத்துக்கு அளவுகள் இருந்தன. சமவயதுக்காரன் என்றால் மணியை ஒருமுறை தட்டினால் போதும். மாமா, சித்தப்பா வகை என்றால் சீட்டிலிருந்து இடுப்பைத் தூக்கி, ஒரு காலைப் பின்னால் கொண்டுவந்து, இறங்கப்போவதுபோல் ஒரு பாவனை. "இருக்கட்டும், போப்பா" என்று அவர் சொல்ல அவகாசம் கொடுத்துவிட்டு மறுபடி உட்காரலாம். தலைமையாசிரியரிடம் பாவனை செல்லாது. இறங்கி, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு, அவர் கடக்கும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அவர் போனதும் ஒற்றைக்காலில் இரண்டு உந்து உந்தி ஏறுவதில் ஒரு சுகம் உண்டு.

இந்த இறங்குதலை வெறும் மரியாதை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். சாதி இந்துக்களின் தெருவுக்குள் வரும்போது தலித்துகள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்ற கட்டாயம் தமிழ்நாட்டின் பல கிராமங்களில் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் இதுவும் ஒரே அசைவு. எனக்கு வாத்தியார் கடந்ததும் ஏறிக்கொள்ளலாம். அவர்களுக்குத் தெரு முடியும்வரை ஏற முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015இல் அதைத் திருத்தியபோது, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிப் போவதைத் தடுப்பது குற்றம் என்று வண்டியின் பெயரைச் சொல்லியே எழுதினார்கள். சைக்கிளே பழசாகிப்போனது என்று நகரத்தில் பேசிக்கொண்டிருந்த காலத்தில்!

பெண்களின் கதை வேறு. அன்றைய எங்கள் வீதிகளில், ஓரிரு டீச்சர்களைத் தவிர, பெண்கள் சைக்கிளில் வந்து நான் பார்த்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகி ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குப் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது அதில் கூடுதல் வசதி. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பதிவு செய்திருக்கிறார். பிறகு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் அரசுப் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்குமானது. இன்று மாலை நாலரை மணிக்கு டெல்டாவின் எந்தச் சாலையிலும் பள்ளிச் சீருடையில் மூன்று பெண்கள் வரிசைகட்டிப் பேசிக்கொண்டே போவார்கள். பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடித்து ஓய்ந்துபோகும். பழைய தோளோடு தோள் பேச்சு எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு அந்த மூவரைக் காட்டலாம்.

சைக்கிள் குறைந்துபோனதால்தான் சைக்கிள்காரர்கள் ஒருவரையொருவர் தேடி வணங்குகிறார்கள் என்று நானும் நினைத்ததுண்டு. கணக்கு வேறு சொல்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய வீடுகளில் 43.7 சதவீதத்தில் சைக்கிள் இருந்தது; 2011இல் 44.8. அதே பத்தாண்டில் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் உள்ள வீடுகள் 11.7 சதவீதத்திலிருந்து 21ஆகப் பெருகின. சைக்கிள் வீட்டிலேயேதான் இருந்தது. சாலைதான் கைமாறியது. லாரிக்கும் வேனுக்கும் நடுவே ஓரத்தில் ஒதுங்கிப் போகிறவனுக்கு, எதிரே இன்னொருவன் அதேபோல வருவதைப் பார்த்தால் கை தானாக உயர்கிறது. கூட்டத்தில் இருந்தவரை நமக்கு இது தோன்றவில்லை.

இந்தப் புதிய உறவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அன்றைய வண்டி இருபது கிலோ. இன்றைய கார்பன் வண்டி எட்டு கிலோகூட இல்லை. பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்று உலக சைக்கிள் அமைப்பு விதியே வைத்திருக்கிறது. விலை லட்சங்களில் போகிறது. ஆனாலும் பங்சர் ஆகி ஓரத்தில் குந்தியிருந்தால், அந்த லட்ச ரூபாய்க்காரர் பிரேக் பிடித்து, "டியூப் இருக்கா, பம்ப் வேணுமா?" என்று கேட்காமல் போவதில்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடும்பயணங்களில், நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்பின் தெரியாதவருக்காக அரைமணி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். மன்னார்குடியில் முன்பின் தெரியாதவனுக்கு அப்படி நின்றிருப்பார்களா? முதலில், "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டிருப்பார்கள்.

ஆனால் அதே சாலையில் அதே நேரத்தில் வேறு சைக்கிள்களும் வருகின்றன. இரவுக் காவல் முடித்துத் திரும்புகிறவர், கேரியரில் டீ கேனைக் கட்டியவர், கோவளத்திலிருந்து மீன்கூடையோடு வருகிறவர். அவர்களைப் பார்த்து இரண்டு விரல் உயர்வதில்லை. ஹெல்மெட் ஹெல்மெட்டுக்குத்தான் தலையசைக்கிறது. ஆள் தெரியாத வணக்கம்தான், ஆனால் உடுப்புத் தெரிந்த வணக்கம். நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

போன மார்கழியில் ஒருநாள், செயின் கவர் தளர்ந்து கடகடத்த பழைய ஹெர்குலிஸ் ஒன்று எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. காக்கிச் சட்டை, தலையில் மஃப்ளர், ஹேண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்கு. கடந்துபோகும்போது தலையசைத்து, "வணக்கங்க" என்றேன். சட்டென்று பிரேக் கட்டை உரசும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கி நின்றிருந்தார்.

"என்ன சார், வழி கேட்டீங்களா?"

"இல்லைங்க. சும்மாதான்."

"சும்மாவா?" என்றார். என் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒற்றைக்காலில் இரண்டு உந்து உந்தி ஏறி, போகிறபோக்கில் மணியை ஒருமுறை தட்டிவிட்டுப் போனார். பதிலுக்குத் தட்ட என் வண்டியில் மணி இல்லை.