சிறு முன்னேற்றங்களால் இலக்கை அடைதல்

சிறு முன்னேற்ற முறை என்பது, ஒரு பெரிய இலக்கை நாள்தோறும் முடிக்கக்கூடிய சிறு பகுதிகளாகப் பிரித்து, தொடர்ந்து பயின்று அடைவதாகும். 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்ற பழமொழி கூறுவதும் இதுவே. ஜப்பானில் இதனைக் 'கைசென்' என்பர். 'கை' என்றால் மாற்றம், 'சென்' என்றால் நன்மை. டொயோட்டா போன்ற தொழிற்சாலைகளில் வளர்ந்த இம்முறையை மசாக்கி இமாய் 1986-இல் எழுதிய நூல் உலகறியச் செய்தது.

பயன் தருவதன் காரணம்

கற்றவற்றில் பெரும்பகுதி விரைவில் மறந்துவிடுகிறது. இடைவெளி விட்டு மீண்டும் படித்தால் நிலைக்கிறது. ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ் இதனை 1885-இல் விளக்கினார். எனவே ஒரே நாளில் ஏழு மணி நேரம் படிப்பதைவிட, நாளுக்கு ஒரு மணி நேரம் ஏழு நாள் படிப்பது நன்று. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 5 சொற்கள் கற்று, ஞாயிறன்று திருப்பிப் பார்ப்பவர் ஓராண்டில் 1,500-க்கும் மேற்பட்ட சொற்களைக் கற்கலாம்.

ஒரு நாள் தவறினால்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கேற்ப அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. காய்ச்சலால் ஒரு நாள் படிக்காத மாணவர் இழப்பது அந்த ஒரு நாளையே. 'இனி முடியாது' என்று விட்டுவிட்டால்தான் முழு இலக்கையும் இழக்கிறார்.

தென்காசி எடுத்துக்காட்டு

ஸ்ரீதர் வேம்புவின் சோகோ நிறுவனம், குற்றாலத்தை அடுத்த மத்தளம்பாறையில் 2011-இல் சிறிய அலுவலகம் ஒன்றைத் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கியது. முன்னதாகச் சென்னையில் தொடங்கிய அதன் பயிற்சிப் பள்ளி தென்காசியிலும் நடைபெறுகிறது. பள்ளிப்படிப்பு முடித்தவர்கள் அங்கே கட்டணமின்றி, உதவித்தொகை பெற்று, கல்லூரிப் பட்டம் இல்லாமலேயே மென்பொருள் பணிக்குத் தகுதி பெறுகின்றனர். ஓரிரு ஆண்டுகள் நாள்தோறும் செய்து பழகுவதே அதற்கு வழி.

கவனிக்க வேண்டியவை

நாளுக்கு 1 விழுக்காடு உயர்ந்தால் ஓராண்டில் 37 மடங்கு ஆகலாம் என்பது கூட்டுவட்டிக் கணக்கு மட்டுமே. மனிதத் திறன் அவ்வாறு வளர்வதில்லை. சில வாரங்கள் தேங்கியும் நிற்கும். தவறான முறையில் பயின்றால் தவறே பழக்கமாகும். ஆகவே ஒரு நேரத்தில் ஓர் இலக்கை மட்டும் எடுத்து, பயின்றதை நாள்தோறும் குறித்துவைத்து, மாதம் ஒருமுறை ஆசிரியரிடமோ தேர்வு எழுதியோ சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.